மூன்றாவது வாசனை

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு நான்கு ஆண்கள் எங்கள் முன்னறையில் கூடி மூக்குப்பொடி போடுவார்கள். அதற்குச் சங்கம் என்று பெயர். தலைவர் என் கணவர். செயலாளர் என் கொழுந்தன். உறுப்பினர்கள் இருவர்: ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். நாலு வருடமாக ஐந்தாவது ஆள் சேரவில்லை. சேர்க்கை கடினம் என்பார் என் கணவர்.

அவர் எடை அளவு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். கடைத் தராசுகளுக்கு முத்திரை வைப்பது வேலை. எதைக் கண்டாலும் பத்துக்கு இத்தனை என்று சொல்லியாக வேண்டும். பொடிக்கும் மதிப்பெண் உண்டு. நீளமான ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு வைத்திருந்தார். முதல் வாசனை டப்பாவைத் திறந்ததும் வருவது. இரண்டாவது மூக்கில் ஏறியதும் வருவது. மூன்றாவது எல்லாம் அடங்கிய பிறகு வருவதாம். அது எல்லோருக்கும் கிடைக்காது என்பார். அந்தப் பத்தியில் நாலு வருடமாக ஒரு கோடுதான் இருந்தது. ஆனால் தனக்கு வரவில்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. 'இப்ப வந்துச்சு, போயிருச்சு' என்பார்கள்.

டப்பாக்கள் தபாலில் வரும். எங்கெங்கிருந்தோ. மூடிமேல் கப்பல், மான், மீசைக்காரர். தும்மக் கூடாது என்பது சங்க விதி. தும்மினால் அந்த வாரம் அவர் மதிப்பெண் செல்லாது. தும்மல் முட்டும்போது பல் டாக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது. பழுப்புக் கறையோடு பதினாறு கைக்குட்டை வாரா வாரம் சலவைக்கு விழும். துவைப்பது நான்.

நான் தையல்காரி. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் என் மெஷின், வெட்டும் பலகை, இஸ்திரிப் பெட்டி.

"அண்ணி, ஜன்னலைச் சாத்துங்க. காத்து வந்தா வாசனை ஓடிரும்," என்று கொழுந்தன் குரல் கொடுப்பான்.

"ஓடட்டும். அதுக்காவது புத்தி இருக்கு."

சிரிப்பார்கள். ஜன்னலை நான்தான் சாத்துவேன்.

போன பருவத்தில் நகர பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பன்னிரண்டு கோட்டு தைக்கும் வேலை வந்தது. பாட்டில் பச்சையில் கம்பளித் துணி. கோட்டுக்கு எட்டு பித்தளைப் பொத்தான். பேண்டு மாஸ்டர் குட்டையான மனிதர். தன் உயரத்தைக் குரலில் ஈடு கட்டுவார்.

"பன்னெண்டும் ஒண்ணா வரணும்மா. திங்கக்கிழமை பத்து மணி. பதினொண்ணு வந்தா எனக்கு வேண்டாம். பன்னெண்டும் வந்துச்சுன்னா இனி எங்க துணி எல்லாம் உங்ககிட்டதான். எழுதியே தரேன்."

அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். அடுத்த தெருவில் சாவி செய்கிறவர் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. இரண்டு ஜன்னல். நிலையான வேலை இருப்பதாகக் கடிதம் காட்டினால் அறை எனக்கு. திங்கள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று சாவிக்காரர் சொல்லியிருந்தார். திரைக்குப் பின்னால் பதினாறு வருடம் தைத்துவிட்டேன். எனக்கு ஒரு கதவு வேண்டும்.

துணி வந்த அன்றே தலைவர் அதில் இரண்டு மீட்டர் எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை. பச்சைமேல் வைத்துப் பார்த்தால்தான் பொடியின் நிறம் சரியாகத் தெரியுமாம். மேசைக்கு விரிப்பானது. கேட்டதற்கு, "மீதிதானே?" என்றார். மீதி எது என்று வெட்டுகிறவள்தான் சொல்ல வேண்டும். சொல்லி ஆகப்போவது என்ன என்று விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேசையைத் துடைக்க டப்பாக்களை நகர்த்தினேன். வீட்டில் யாரும் இல்லை. கப்பல் படம் போட்டதைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, மூச்சை இழுப்பது போல இழுத்தேன். தொண்டை வரை தீ. ஏழு தும்மல். தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர்களைவிட நான் எந்த விதத்தில் உசத்தி என்று தோன்றியது.

புதன்கிழமை மறுபடி எடுத்தேன். இழுக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று பார்ப்பது போல லேசாக முகர வேண்டும். பொடி மூக்கின் வாசலிலேயே நின்றுவிடும். இவ்வளவுதான் வித்தை. பல் டாக்டர் நாலு வருடமாகப் பம்பு போல இழுத்துப் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தினம் ஒன்று. மான் படம் போட்டது மாவு போல நைசாக இருக்கும். வறுத்த தானிய வாசனை, பிறகு ஒரு சுருக். மீசைக்காரர் ஈரமாக, கறுப்பாக இருப்பார். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் வரும் வாசனை. ஆரஞ்சுத் தோல் போட்டது ஒன்று, நல்லதுதான், ஆனால் சீக்கிரம் பொய்யாகிவிடும். ரோஜா போட்டது சலூன். மெந்தால் போட்டது ஒரு மணி நேரத்துக்கு மூக்கையே பூட்டிவிடும். சங்கம் எப்போதும் மெந்தாலில்தான் ஆரம்பிக்கும். அதன் பிறகு அவர்கள் கண்டுபிடித்த வாசனைகள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன.

கடைசியில் டப்பா இல்லாத ஒன்று. சாதாரணக் காகிதப் பொட்டலம், கொரகொரப்பான பழுப்பு. தலைவர் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்தார். 'மூட்டை தூக்குகிறவன் போடும் பொடி' என்று குறிப்பு. நான் முகர்ந்தேன். காய்ந்த புல். பிறகு புதுத் தோல்பை. பிறகு ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த அறை போல ஒன்றும் இல்லை. அதை என் பொத்தான் டப்பாவுக்கு மாற்றினேன். யாரும் தேடவில்லை. காலர் வைத்துத் தைப்பதற்கு முன் ஒரு சிட்டிகை. கை நிதானமாகும்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு கோட்டும் முடிந்திருந்தன. பத்து ஹேங்கரில். இரண்டைப் பலகைமேல் மடித்து வைத்திருந்தேன், அவற்றுக்கு ஆளுக்கொன்றாகப் பொத்தான் வேண்டியிருந்தது. பெட்டியில் வந்தவற்றில் இரண்டு உடைசல். பொத்தான் கடை மூன்று மணிக்குச் சாத்திவிடும். இஸ்திரிப் பெட்டி சில்லென்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முன்னறையில் புது டப்பா ஒன்றைச் சுற்றி நால்வரும் குனிந்திருந்தார்கள். தபாலில் மழையில் நனைந்து வந்தது.

"சேறு மாதிரி இருக்கே," என்றார் கணக்கு வாத்தியார்.

"கொஞ்சம் சூடு காட்டினா சரியாயிடும். அந்தப் பொறுப்பை என்கிட்ட விடுங்க," என்றார் தலைவர்.

நான் கீழே இறங்கிப் போனேன்.

திரும்பி வரும்போது இரண்டாவது மாடிப்படியில் எனக்கு வாசனை வந்தது. கம்பளி. மயிர் கருகுவது போல, கொஞ்சம் இனிப்பாக. தைக்கிறவளுக்கு அதில் சந்தேகம் வராது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். கதவுக்கு வெளியே அவர்கள் குரல் கேட்டது.

"புகை. மரப்புகை," என்றார் பல் டாக்டர்.

"மரம் இல்ல டாக்டர். தோல். குதிரைத் தோல்," என்றார் கணக்கு வாத்தியார்.

"குதிரையை எப்ப சார் மோந்து பாத்தீங்க?"

"பேசாதீங்க," என்றார் என் கணவர். "இதுதான். மூணாவது வாசனை. நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கு. கண்ணை மூடுங்க."

உள்ளே போனேன். நால்வரும் கண்ணை மூடி, தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் திரை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, கதவு," என்றான் கொழுந்தன், கண்ணைத் திறக்காமல்.

இஸ்திரிப் பெட்டி மல்லாந்து கிடந்தது. ஆடாமல் இருக்கத் தலைவர் இரண்டு பக்கமும் மடித்த கோட்டுகளை அணைகொடுத்திருந்தார், குழந்தைக்குத் தலையணை வைப்பது போல. அதன்மேல் டப்பா மூடியை வைத்துப் பொடியைக் காயவைத்திருக்கிறார். மூடியை எடுத்துப் போனவர் பிளக்கைப் பிடுங்கவில்லை. ஒரு கோட்டு பெட்டிமேல் சரிந்து கிடந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். ஈரத்துணியைப் போட்டு அமுக்கினேன். ஒன்றில் இடது முன்பக்கம் உள்ளங்கை அளவு ஓட்டை. இன்னொன்றில் ஒரு கை முழங்கையோடு போயிருந்தது.

தலைவர் திரையை விலக்கினார். கையில் நோட்டு.

"என்ன சத்தம்?"

நான் பலகையைக் காட்டினேன். பார்த்தார்.

"பொடி ஈரமா இருந்துச்சு," என்றார்.

"அதுக்கு என் பெட்டிதான் கிடைச்சதா? அடுப்பு இல்ல?"

"அடுப்புல வச்சா வாசனை கெட்டுடும்." சொல்லிவிட்டு மறுபடி கோட்டைப் பார்த்தார். மூக்கு ஒரு தடவை அசைந்தது. முகம் மெல்ல விழுந்தது. "அப்ப அந்த வாசனை..."

"எத்தனை போட்டீங்க?"

அவர் நோட்டைப் பின்னால் மறைத்தார். நான் பார்த்துவிட்டேன். மூன்றாவது பத்தியில் பத்து.

கோட்டுக்காக அல்ல, அந்தப் பத்துக்காகத்தான் அவர் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை கிடையாது. இருந்தாலும் அதே சாயத்தில் அதே பச்சை அந்த ஒரே சுருளோடு முடிந்தது. பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கும்போது வேறு பச்சை பல்லை இளிக்கும். நான் முன்னறைக்கு வந்து மேசையைப் பார்த்தேன்.

"டப்பாவை எல்லாம் எடுங்க."

"இன்னும் ரெண்டு பொடி பாக்கி இருக்கும்மா," என்றார் பல் டாக்டர்.

"அந்தத் துணி எனக்கு வேணும். பத்து எண்ணுவேன்."

கணக்கு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எண்ணட்டும், எண்ணட்டும். எது வரைக்கும் தெரியுதுன்னு பாப்போம்."

சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். மூன்றில் இழுத்தேன்.

இருபத்திரண்டு டப்பா. கப்பல், மான், மீசைக்காரர், ரோஜா, மெந்தால் எல்லாம் ஒரே மேகமாக எழுந்தது. வாத்தியார் முதலில் தும்மினார். பிறகு டாக்டர். அவர் அடக்கி வைத்திருந்த நாலு வருடமும் வெளியே வந்தது. தலைவர் பதினொன்று வரை போனார். நான் தும்மவில்லை.

துணியை ஜன்னலுக்கு வெளியே உதறினேன். பிரஷ் போட்டேன். ஆவி காட்டினேன். ஒவ்வொருவர் உட்கார்ந்த இடத்திலும் ஒரு கறை, டாக்டர் பக்கம் தட்டு அகலத்துக்கு. கொழுந்தன் பக்கம் மட்டும் புதுத் துணி போல இருந்தது. அவன் நாற்காலிக்கு அடியில் தரை பழுப்பாக இருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நாலு வருடமாகச் சிட்டிகையைக் கீழே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சொல்லிராதீங்க அண்ணி. செயலாளர் பதவி போயிரும்."

அவன் பக்கத்தில்தான் முன்பக்கத்தை வெட்டினேன். கையை வாத்தியார் பக்கத்தில், கறை உள்மடிப்புக்குள் போகும்படி. திங்கள் காலை எட்டு மணிக்கு இரண்டு பொத்தானும் ஏறின.

பேண்டு மாஸ்டர் பன்னிரண்டையும் எண்ணினார். கடைசிக் கோட்டின் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். முகர்ந்தார்.

"என்னமோ வாசனை வருதே."

"நல்ல கம்பளி சார். புதுசுல அப்படித்தான் இருக்கும்."

மறுபடி முகர்ந்தார். தலையை ஆட்டினார். "அதானே பாத்தேன். நல்ல கம்பளின்னா தெரிஞ்சிரும் எனக்கு."

சங்கத்துக்கு ஐந்தாவது உறுப்பினர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மதியம் சாவிக்காரரிடம் காட்டினேன். அவர் எனக்கு இரண்டு சாவி தந்தார். ஒன்று போதும் என்று மற்றதைத் திருப்பிக் கொடுத்தேன்.

முன்னறைத் தரையில் கொட்டியதை அவர்கள் என் துணி பிரஷால் கூட்டி எடுத்தார்கள். நூல் துண்டு, சாக்பீஸ் தூள், கருகிய கம்பளி எல்லாம் சேர்ந்து வந்தது. சலித்து ஒரு ஜாடியில் போட்டார்கள். சங்கக் கலவை என்று பெயர் வைத்தார்கள். மூன்று பத்தியிலும் பத்து. டாக்டர் அதைத் தன்னிடம் பல் பிடுங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியதாகக் கேள்வி.

இரண்டு மாதம் கழித்து என் கணவர் என் அறைக்கு வந்தார். முதல் தடவை. மெஷினைப் பார்க்கவில்லை. ஹேங்கரில் தொங்கிய தொப்பித் துணியையும் புதுக் கால்சட்டைகளையும் பார்க்கவில்லை. ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன.

"காத்து ரொம்ப வருது," என்றார்.

"வரட்டும்."

உட்காரவில்லை. நோட்டைத் திறந்தார். "கலவை தீந்துபோச்சு. இருபத்திரண்டையும் மறுபடி வாங்கி, நானே எடை போட்டுக் கலந்தேன். ஆறு தடவை. முதல் ரெண்டும் வருது. மூணாவது வரல. அன்னிக்கு என்னென்ன விழுந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் பொத்தான் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். அவர் முன்னாலேயே. காய்ந்த புல், புதுத் தோல்பை, பிறகு ஒன்றும் இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஏதோ சளி மருந்து என்று நினைத்திருப்பார்.

"முதல்ல ஒரு கம்பளிக் கோட்டு எரியணும்," என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம்?" என்றார்.