வளர்ந்த நாற்காலி

மந்திரியால் எழுந்திருக்க முடியவில்லை.

எட்டு வயது மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குவாள். இன்று மருத்துவமனை நாற்காலியில் தொடைமேல் கைகளை ஊன்றி, உதட்டைக் கடித்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தாள். ஓர் அங்குலம் எழும்பினாள். தொப்பென்று விழுந்தாள்.

விநாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா கடிகாரத்தை நிறுத்தினார். சுவரோரம் நின்ற தச்சர், மந்திரியின் அப்பா, தரையைப் பார்த்தார்.

"பஸ்ல ரெண்டு மணி நேரம் டாக்டர், களைச்சுப் போயிட்டா" என்று மனைவி முந்திக்கொண்டாள். "வீட்டுல நாலே செகண்டுல எழுந்திருப்பா. இதோ பாருங்க."

பையிலிருந்து நோட்டு வந்தது. அவள் தையல்காரி, எதையும் அளந்து எழுதிவைப்பவள். ஒவ்வொரு ஞாயிறும் மகள் தன் நாற்காலியிலிருந்து எழ எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்திருந்தாள். எட்டு மாதமாக நாலு, நாலு, ஐந்து, நாலு.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "தசை கரையற நோயில இப்படி நிக்கிறதே பெரிய விஷயம்மா. மருந்து நல்லா கேக்குது. இன்னிக்கு வெறும் களைப்புதான். இதே மருந்து, இதே அளவு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பேனா சீட்டை நோக்கி இறங்கியது.

ஆறு மாதம்! தச்சர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

மருந்து ஆரம்பித்த வாரம், விநாடி ஒன்பதைத் தொட்டிருந்தது. அதை எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மனைவி, அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் அவள் கடைக்குப் போனதும், தச்சர் மகளின் நாற்காலியைக் கவிழ்த்து நான்கு காலிலும் விரல் கனத்துக்கு மரத்துண்டு ஒட்டினார். இருக்கை உயர்ந்தால் எழுவது சுலபம். அடுத்த ஞாயிறு நாலு விநாடி! மனைவி சிரித்தாள். பெயர் மருந்துக்குப் போனது.

அந்தச் சிரிப்பு கெடக்கூடாதே என்று, மகள் திணறும்போதெல்லாம் இன்னோர் அடுக்கு ஒட்டினார். பெண் வளர்ந்தாள், நாற்காலியும் கூடவே வளர்ந்தது. அதே மரம், அதே மெருகு. ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண்களுக்கு இது மட்டும் தப்பிவிட்டது.

"வீட்டுல சுலபமா எழுந்திருக்கியா கண்ணு?" என்றார் டாக்டரம்மா.

மந்திரி அப்பாவைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அவரையே கேளுங்க."

"எழுதாதீங்க டாக்டர்!" தச்சரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நாற்காலிக்குக் கீழ கட்டை வெச்சு உயர்த்திட்டே வந்தேன். அஞ்சு தடவை. இவ அம்மாவுக்குத் தெரியாது."

மனைவி திரும்பவே இல்லை. கை மட்டும் நோட்டை மெல்ல மூடியது.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அப்போ மருந்து கேட்டுதா, இல்லையா? எனக்கே தெரியாதேய்யா! என்னிக்கு எவ்வளவு உயரம் வெச்சீங்க? அது தெரிஞ்சா இந்த நோட்டுக்கு அர்த்தம் உண்டு. இல்லேன்னா எட்டு மாசம் குப்பை. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

பஸ்ஸில் தாயும் மகளும் முன் இருக்கையில். தச்சர் பின்னால்.

"அம்மா, அப்பாகூட டூவா?"

"பேசாம வா மந்திரி."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அளவு நாடாவை எடுத்தாள். "கவுத்துங்க."

தச்சர் நாற்காலியைக் கவிழ்த்தார். ஒட்டிய இடத்தில் உளியை வைத்துத் தட்டினார். முதல் துண்டு பெயர்ந்தது. அதன் உட்புறத்தில் பென்சிலால் ஒரு தேதி. வெட்டும் மரத்திலெல்லாம் தேதி எழுதுவது பட்டறைப் பழக்கம். திருட்டு வேலையிலும் கை அதை மறக்கவில்லை.

ஐந்து அடுக்குகள், ஐந்து தேதிகள். அவர் பெயர்க்கப் பெயர்க்க அவள் கனத்தை அளந்தாள். நோட்டில் அந்தந்த ஞாயிறுக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதினாள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு துண்டுகளுக்கும் நடுவே மூன்றே வாரம்.

"கேக்கலை" என்றாள் நோட்டைப் பார்த்து. "மருந்து ஒரு நாள்கூடக் கேக்கலை."

கைபேசியில் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாக வாசித்தாள். குரல் உடையவில்லை. நாளைக் காலையே வரச் சொன்னார். வேறு மருந்து ஆரம்பிக்கலாமாம், இனியும் தாமதிக்க முடியாதாம்.

"நான் சாப்பிடலைன்னுதானே செஞ்சீங்க?"

தச்சர் தலையாட்டினார்.

"பட்டினி கிடந்தா நான்தானே கிடந்தேன்! அவளோட எட்டு மாசம் போச்சே!"

அவர் உளியைக் கீழே வைத்தார்.

"சண்டையை அப்புறம் போடுங்க" என்றது கட்டிலிலிருந்து ஓர் அதிகாரக் குரல். "என் நாற்காலி எங்கே?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டுகளை அவர் பக்கம் தள்ளினாள். "ஒட்டுங்க. அவ எழுந்திருக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அடுத்தது எப்ப வைக்கணும்?"

அவர் தயங்கினார். "போன வாரமே வெச்சிருக்கணும்."

அவள் நாடாவை நீட்டிப் பிடித்தாள். "எவ்வளவு கனம்?"