மேஸ்திரி சொன்ன சுவர்

மனநல வார்டில் காலையில் முதல் வேலை, கட்டில் கட்டிலாகப் போய் "மோஷன் போச்சா?" என்று கேட்டுச் சார்ட்டில் டிக் அடிப்பது. இல்லை என்று வாய் தவறிச் சொன்னவனுக்கு எனிமா, அதுவும் கதவில்லாத அறையில். அப்புறம் எவன் இல்லை என்பான்? பதினெட்டுப் பேரும் தினமும் "ஆச்சு சிஸ்டர்" என்றார்கள். அந்த ஊரறிந்த பொய்யை நர்ஸ் இருபத்திரண்டு வருடமாக மணிமணியாக எழுதி வந்தாள்.

மேஸ்திரி மட்டும் ஒருநாள் வேறு மாதிரி சொன்னார். கட்டட வேலை பார்த்தவர். புத்தி பேதலித்த நாளிலிருந்து பேச்செல்லாம் செங்கலும் சிமெண்டும்தான். தலைக்குள் சாரம் கட்டுகிறார்கள் என்று மணிக்கணக்கில் புலம்புவார்.

"வயித்துக்குள்ள செவுரு எழுப்பிட்டாங்க சிஸ்டர். ஒண்ணும் எறங்க மாட்டேங்குது."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை அடிச் சுவர் என்று கேட்டாள். அவர் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார். டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். புதுக் கற்பனை என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். அந்த மாத்திரை குடலை மந்தமாக்கும் என்பது இருவரும் படித்ததுதான். அந்த நேரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை, பாவிகள்.

மறுநாளும் சுவர் என்றார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார், சாப்பாட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் பேச்சில்லை. வாந்தி எடுத்தார், அதில் மல நாற்றம். நர்ஸ் போர்வையை விலக்கினாள். வயிறு கல்லாக விறைத்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறுகிய மலம் அடைத்துக் குடல் கிழிந்திருந்தது. சாயங்காலம் மேஸ்திரி இறந்துபோனார்.

சார்ட் சுத்தமாக இருக்கிறது, யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சூப்பரின்டெண்ட் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். நர்ஸும் தலையாட்டினாள். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

மேஸ்திரியின் தங்கச்சி வந்தாள். அழுது ஓய்ந்ததும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டீர்கள் என்றாள். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், "எங்கண்ணன் பாவம். வலிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

சூப்பரின்டெண்ட் நர்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுதும்மா" என்றாள் நர்ஸ். "மூணு நாளா என்கிட்டதான் சொன்னாரு."

தங்கச்சி பிடித்திருந்த கையை விட்டாள்.