ஒற்றை நம்பர் பிளேட்

"அப்பா, கார் நம்பர் காரோடதா, ஆளோடதா?"

எட்டு வயது மகள் இப்படிக் கேட்டபோது லேத்துக்காரர் சிரித்துவிட்டார். புது நாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்பாவும் மகளும் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிற கார்களின் எண்களைக் கூட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இதென்னடி கேள்வி? காரோடதுதான். கம்பெனியை விட்டு வெளிய வந்ததுலேருந்து பழைய இரும்புக்குப் போற வரைக்கும் ஒரே நம்பர்."

"எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு வேற மாதிரி சொன்னாளே."

"அவளுக்கு என்ன தெரியும்?"

ஒரு குழந்தையின் கேள்வியை அப்படித் தட்டிவிட்டிருக்க வேண்டாம். அந்த வாரமே அவர் அதை உணர நேர்ந்தது.

ஊரில் அவர் இருபது வருடம் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். இங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. குடும்பத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது மனைவியின் நர்ஸ் வேலைதான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் அங்கே சேர்ந்தாக வேண்டும். முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். வேலை தவறினால் வீசாவும் தவறும். மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மனைவி ஒரு வாரப் பயிற்சிக்காக வேறொரு நகரத்துக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது, "என்னங்க, வெள்ளிக்கிழமை நான் வர்றப்போ கார் வாசல்ல நிக்கணும். உங்களால முடியும்" என்றாள். அந்த "முடியும்" கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

புதன்கிழமை மாலை அப்பாவும் மகளும் ஒரு பெயிண்டர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வேலைக்காக ஒரு வேன் வாங்கிவிட்டதால் தம்முடைய நீல நிறக் குட்டிக் காரை விற்கிறார். லேத்துக்காரர் பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். இரும்பு பொய் சொன்னால் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். இது பொய் சொல்லவில்லை. பணம் கைமாறியது, காகிதங்களில் கையெழுத்தானது, சாவியும் வந்தது.

பிறகு பெயிண்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம்பர் பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்தார். அது வந்ததும் பின்பக்கம் போய் அதையும் கழற்றினார்.

"என்னடி பண்றார் இவர்?"

இந்த நாட்டு மொழி லேத்துக்காரருக்குப் பாதி புரியும், மீதிக்கு மகள்தான். அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "நம்பர் அவரோடதாம்ப்பா. புது வேன்ல மாட்டப் போறாராம். நமக்கு ஆபீஸ்ல வேற நம்பர் தருவாங்களாம். அதுவரைக்கும் கார் ரோட்டுக்குப் போகக் கூடாதாம், இங்கேயே நிக்கட்டுமாம்."

பணமும் அவரிடம், காரும் அவரிடம், இப்போது நம்பரும் அவரிடம்! லேத்துக்காரருக்கு வியர்த்தது. உடனே மச்சானுக்கு போன் போட்டார். மனைவியின் அண்ணன் ஊரில் பழைய கார் புரோக்கர்; அந்தத் தொழிலில் அவர் பார்க்காத தில்லுமுல்லு இல்லை.

"மாப்ளே! நம்பரைக் கழட்டறவன் நாளைக்கு இஞ்சினைக் கழட்டுவான். நம்பர் மாறின காரை நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்லதான் பாத்திருக்கேன். ஒரு பிளேட்டையாவது கைல பிடிச்சுக்கிட்டு வாங்க. பிடிமானம் வேணும்."

லேத்துக்காரர் பின்பக்கத்துப் பிளேட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனை பெயிண்டர் கையில். இருவருமே இழுக்கவில்லை, இருவருமே விடவில்லை. பெயிண்டர் அவரைப் பார்த்தார். பிறகு நடுவில் முகம் சிவந்து, கண் கலங்கி நிற்கிற சிறுமியைப் பார்த்தார். பிளேட்டில் படிந்திருந்த மண்ணைத் தம் கால்சட்டையில் துடைத்து, அவரிடமே கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"மனசு சமாதானம் ஆகற வரைக்கும் நீங்களே வெச்சுக்கச் சொல்றார்ப்பா."

அன்றிரவு மனைவி போனில் கேட்டாள். "கார் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. ஒரு நம்பர் பிளேட் உன் புடவைக்கு அடியில பத்திரமா இருக்கு."

"கார்?"

"அவர் வீட்ல."

"அப்போ நீங்க வாங்கினது ஒரு தகரம்" என்றாள் மனைவி. "எங்க அண்ணன் பேச்சைக் கேட்டீங்களாக்கும்."

மறுநாள் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் தாள், வண்டித் தகுதிச் சான்று, வீட்டு முகவரித் தாள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போனார். டோக்கன் எண் வந்தபோது மணி பத்தரை. கவுன்டரில் இருந்த அம்மாள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இவர் விழிப்பதைப் பார்த்து, ஒரு தாளை எடுத்து ஒரு கார் வரைந்தார். பக்கத்தில் ஒரு மனிதர். நம்பரிலிருந்து ஒரு கோடு இழுத்து, காருக்குப் போகாமல் மனிதரிடம் கொண்டுபோய் முடித்தார்.

"இங்க நம்பர் ஆளோட போகும்ங்க" என்றார் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக; அப்படிச் சொன்னால் இவருக்கும் புரிந்தது. "அவர் நம்பரை அவரோட வேனுக்கு மாத்தினாத்தான் இந்தக் கார் உங்க பேருக்கு வரும். நேத்தே வந்தார். ஆனா ஒரு பிளேட்தான் கொண்டு வந்தார். ரெண்டும் வேணும்."

"இன்னொண்ணு எங்கேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். பத்திரமான இடத்துல இருக்குன்னார். திருட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, இன்னைக்கே உங்களுக்குப் புது நம்பர் தரேன்னு சொன்னேன். யாரும் எதையும் திருடலையேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்."

லேத்துக்காரருக்குக் காது சுட்டது. அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இந்நேரம் அவர் வீட்டு வாசலில் போலீஸ் நின்றிருக்கும்.

"பிளேட் என்கிட்டதான் இருக்கு" என்றார்.

அந்த அம்மாள் ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு மூடிடுவோம். அப்புறம் திங்கட்கிழமை எட்டு மணிதான். ஓடுங்க. அவருக்கு நான் போன் பண்றேன்."

திங்கட்கிழமை எட்டு மணி! ஆறு மணிக்கே மனைவி அங்கே நிற்க வேண்டும். அவர் ஓடினார். பஸ் வருகிற வரை நிற்கப் பொறுமையில்லாமல் இரண்டு நிறுத்தம் தள்ளியும் ஓடினார். புடவைக்கு அடியிலிருந்த பிளேட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது மணி சரியாகப் பன்னிரண்டு. கவுன்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் கீழே அந்த அம்மாளின் கை மட்டும், மூடிவிடாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெயிண்டர் அப்போதுதான் வந்து சேர்ந்தார், நடந்தே. தோளில் ஏணி, இரண்டு கையிலும் பெயிண்ட் டப்பா. ஏணி அழுத்திய இடத்தில் சட்டை கிழிந்து தோல் கன்றியிருந்தது.

"வேன்ல வரலையா?"

"நம்பர் இல்லாத வேன் எப்படி ரோட்டுக்கு வரும்?" என்றார் பெயிண்டர், சாதாரணமாக.

அப்போதுதான் முழுவதும் விளங்கியது. இந்த மனிதர் இரண்டு நாளாகத் தம் வேலைச் சாமான் அத்தனையையும் தோளில் சுமந்து நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடவுள் நமக்கு உதவி அனுப்பும்போது பெரும்பாலும் பெரிய ஆட்களை அனுப்புவதில்லை. நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டிய ஆட்களை அனுப்புகிறார்; நாம்தான் அவர்கள் கையைத் தட்டிவிடுகிறோம்.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. பக்கத்து அறையில் ஒரு இயந்திரம் வெறும் தகட்டை அழுத்தி எண்களைப் புடைக்க வைத்ததை லேத்துக்காரர் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்டர் வீட்டில், அதே ஸ்க்ரூடிரைவரால் பெயிண்டரே புதுப் பிளேட்டுகளை மாட்டினார்.

"மன்னிச்சுடுங்க. இந்த ரெண்டு நாள் கூலியையாவது வாங்கிக்கங்க."

பெயிண்டர் பணத்தை விரலால் தள்ளினார். "உங்க இடத்துல நான் இருந்தா ரெண்டு பிளேட்டையும் பிடுங்கியிருப்பேன். நீங்க நல்லவர், ஒண்ணை விட்டீங்க." சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்து வேலியை வியாழக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். துரு சுரண்டற வேலையே பாதிக்கு மேல நிக்குது."

அன்று மாலை மனைவி வந்து காரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். நடந்ததைக் கேட்ட மச்சான் போனில் குதித்தார். "நான் சொன்னேன்ல மாப்ளே! பிளேட்டைப் பிடிச்சதாலதான் காரியம் நடந்துச்சு."

"ஆமா மச்சான்" என்றார் லேத்துக்காரர்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே மனைவியை முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டார். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். மகள் பின் சீட்டில் போர்வைக்குள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். திரும்பி வரும் வழியில் பள்ளிக்கூடத்து வேலியை ஒட்டிக் காரை நிறுத்தினார்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்தார். மூலை முடுக்கு, பற்றவைத்த இடம், அடிப்பாகம், எதையும் விடவில்லை. இருபது வருடம் இரும்பைத் தொட்ட கை அது. துரு பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே இரும்பு வெளுத்துத் தெரிந்தது. ஏழரை மணிக்கு, உதிர்ந்ததை ஒரு பழைய துணியில் கூட்டி அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை வந்தபோது, முந்தின நாள் அவர் தேய்த்த கம்பிகள் எல்லாம் பச்சை பூசப்பட்டிருந்தன. அதைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். புதன்கிழமையும் வந்தார். கடைசிக் கம்பியைத் தேய்த்து முடித்து, புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எங்கும் சொரசொரப்பு இல்லை. மனதுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டு காரில் ஏறினார். தெருமுனையில் பெயிண்டரின் வேன் திரும்புகிற சத்தம் கேட்டது. லேத்துக்காரர் காரை அடுத்த சந்துக்குள் திருப்பிப் போய்விட்டார்.