கேட்காமல் கொடுத்த தண்டனை

சாப்பாட்டுக்கூடத்தின் தரையெல்லாம் மக்காச்சோளக் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வழுக்கியபடியே இரண்டு மாணவர்கள் கட்டிப் புரண்டார்கள். சுற்றி நின்றவர்கள் மேசையைத் தட்டி உசுப்பேற்றினார்கள். விடுதிப் பொறுப்பாசிரியர் அம்போஃபோ உள்ளே புகுந்து இருவரின் காலரையும் பிடித்து விலக்கினார்.

ஒருவன் மூன்றாம் ஆண்டு பாஃபோர், ஆள் வாட்டசாட்டம். மற்றவன் முதலாம் ஆண்டு நியார்கோ, ஊதினால் பறந்துவிடுவான். அவன் உதடு கிழிந்திருந்தது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார்."

"அதெல்லாம் அப்புறம். சண்டை போட்டியா, இல்லியா?"

"போட்டேன் சார். ஆனா..."

"இந்த 'ஆனா' கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

அம்போஃபோ கெட்டவர் அல்ல. நானூறு விடுதிப் பிள்ளைகளுக்கு ஒற்றை ஆள். அன்று மூட்டையாகக் குவிந்த விடைத்தாள்கள் வேறு அவருக்காகக் காத்திருந்தன. யார் முதலில் கை நீட்டியது என்று விசாரிக்க உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும் என்று நினைத்தார். கானா நாட்டின் குமாசி நகரப் பக்கத்துப் பள்ளிகளில் எந்தக் குற்றத்துக்கும் கைவசம் ஒரு தண்டனை உண்டு. அவரும் மாணவராக இருந்தபோது அதைச் செய்தவர்தான்.

"ரெண்டு பேரும் போய் கத்தி எடுத்துட்டு வாங்க. திடலுக்குப் பின்னாடி இருக்கிற புல்லு பூரா சாயங்காலத்துக்குள்ள வெட்டி முடிக்கணும். சேர்ந்து வேலை செஞ்சா சிநேகம் தானா வரும்."

கத்திக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பள்ளியில் சேரும்போது வாங்கிவரச் சொல்லும் பட்டியலில் தட்டு, வாளியோடு முழ நீள வெட்டுக்கத்தியும் இருக்கும்.

"தனித்தனியா வெட்டறோம் சார். கெஞ்சிக் கேக்கறேன்," என்றான் நியார்கோ.

"பயந்தாங்கொள்ளி," என்றார் ஆசிரியர்.

பாஃபோர் சிரித்தான். "வாடா சின்னவனே, அண்ணன் உனக்குப் புல்லு வெட்டக் கத்துத் தரேன்."

மூன்று மணிக்குத் திடலிலிருந்து அலறல் கேட்டது. அம்போஃபோ விழுந்தடித்து ஓடினார். பாஃபோர் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துடித்துக் கிடந்தான். அந்தக் கையில் மூன்று விரல்கள் இல்லை. நியார்கோ கத்தியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றான்.

ஆஸ்பத்திரி நடையில் பாஃபோரின் தாய் ஆசிரியரின் சட்டையைப் பிடித்தாள். "பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. எம்புள்ள எதால எழுதுவான்? சொல்லுங்க!" அவருக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் நியார்கோவிடம் போய் உட்கார்ந்தார். "இப்ப சொல்லுப்பா," என்றார். அவன் சொன்னான். ஒரு மாதமாக பாஃபோரின் துணிகளைத் துவைத்ததையும், வீட்டிலிருந்து வந்த மரவள்ளி மாவைப் பறிகொடுத்ததையும், மறுத்தபோதெல்லாம் அடி வாங்கியதையும் சொன்னான். திடலில் ஆளில்லாத இடம் கிடைத்ததும் பாஃபோர் கத்தியைத் திருப்பிப் பிடித்து அவன் முதுகில் அடித்திருக்கிறான். அடி தாங்காமல் நியார்கோ திரும்பி வீசிய கத்திதான் பாஃபோரின் விரல்களில் விழுந்தது.

பிற்பகலில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. நியார்கோவை நீக்குவதென்று முன்பே முடிவாகியிருந்தது. காவல் துறையும் வெளியே காத்திருந்தது. அம்போஃபோ எழுந்து அவன் கதை முழுவதையும் சொன்னார். தலைமையாசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"விரல் போயிருக்கு. நீக்காம இருக்க முடியாது," என்றார் கடைசியில். "இதையெல்லாம் சொல்ல அந்தப் பையனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம், மேடம்."

 அம்போஃபோ உட்காரவில்லை.

"அந்த அஞ்சு நிமிஷத்தை நேத்துக் காலையில நான் குடுத்திருந்தா ஒருத்தனுக்கு விரலும் இன்னொருத்தனுக்குப் படிப்பும் போயிருக்காது. விசாரிக்காம குடுக்கற தண்டனைக்குக் கண்டிப்புன்னு பேரு வெச்சிருக்கோம் மேடம். அது வாத்தியாரோட சோம்பேறித்தனம். அதுக்குப் புள்ளைங்கதான் விலை குடுக்குது."