முப்பது கிலோ மிளகாயும் ஒரு பொதுத்தொல்லை மனுவும்

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் குடியிருக்கும் தேவானந்தம், கல்வித்துறையில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டது; அவர் துறையை விடவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்துவிடுவார். ஃபைல்தான் வராது. ஆகவே ஒன்றைத் தானே உண்டாக்கினார்.

பக்கத்துக் கட்டிடத்தில் செங்கல்வராயன் மாவு மில் வைத்து ஆறு வருஷம். திருத்தணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கோதுமையும் ராகியும் அரைத்தவரை பிரச்சினையில்லை. மிளகாய் மெஷின் போட்டான், தும்மல் ஆரம்பித்தது. தேவானந்தம் நிஜமாகவே தும்மினார், அதில் பொய்யில்லை. குடும்ப ஜெபத்தில் ஓர் ஆமென் சொல்வதற்குள் மூன்று தும்மல். ஆனால் சுவரோரம் நின்று, "ஏம்பா, அந்தத் தூசிக் குழாயைக் கொஞ்சம் தூக்கி வையேன்" என்று சொல்வது அவர் தகுதிக்குக் குறைவு. ஆர்.டி.ஓ.வுக்குப் பதினோரு பக்கத்தில் மனு எழுதினார். காற்று மாசு, ஒலி மாசு, பொதுத்தொல்லை, அரசியல் சட்டம் தமக்கு அளித்திருக்கும் மூச்சு விடும் உரிமை. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, மனைவி ஞானமணி. அதை ஞானமணியிடம் சொல்லவில்லை. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசுவது நடத்தை விதிகளுக்கு விரோதம்.

மில்லை ஏன் மூடக் கூடாது, காரணம் சொல் என்று செங்கல்வராயனுக்கு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்க வருவார். மில் போனால் அவன் பழையபடி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கூலி வேலைக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான். வக்கீல் சுருக்கமாக யோசனை சொன்னார்: "அன்னிக்கு மட்டும் மிளகாயைத் தொடாதே."

வெள்ளி காலை ஒன்பதரைக்கு சர்ச்சிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் ஞானமணி, முப்பது கிலோ மிளகாயோடு. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது மாதர் சங்கத்தின் மிளகாய்த்தூளுக்குத்தான் வருஷா வருஷம் அடிதடி.

"இன்னிக்கு வேணாம்மா, ஆபீசர் வர்றாரு."

"எந்த ஆபீசரு?"

"மில்லை மூடறதுக்கு. உங்க வூட்டுக்காரர்தான் எழுதிப் போட்டுக்கிறாரு."

"அவரு எழுதினா எங்கிட்ட சொல்ல மாட்டாரா? கதை வுடாத. கரென்ட் போறதுக்குள்ள போடு."

செங்கல்வராயன் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தான். மாதர் சங்கத் தலைவியைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய ஆள் சித்தூரில் இதுவரை இல்லை. மெஷின் ஓடியது. ஞானமணி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கண்ணை எடுத்தால் முன்னால் அரைத்தவர் தூள் கலந்துவிடும் என்பது மில்லுக்கு வரும் பெண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

பத்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் ஹரிபிரசாத் பைக்கை நிறுத்தினார். தாம் யார் என்று சொல்ல வாய் திறந்தார். நாலு தும்மல் வந்தது. தேவானந்தம் ஓடி வந்தார்.

"சூடண்டி சார், பாருங்க! பாரா பதினேழுல சொன்னேனே, அதே கொடுமை! நீங்க வர்ற நாள்ல, உங்க மூஞ்சிக்கு நேரா அரைக்கிறான்! யாருக்கு அரைக்கிறான்னு கேளுங்க!"

"எவரிதி பாபு இது? யாரோட மிளகாய்?" ஹரிபிரசாத் கர்சீப்புக்குள்ளிருந்து கேட்டார்.

ஸ்டூலிலிருந்து பதில் வந்தது. "எங்க சர்ச்சுதுங்க. இன்னா இப்ப?"

அந்தக் குரலிலேயே தேவானந்தத்துக்குப் பாதி உயிர் போயிற்று. முந்தானை இறங்கியதும் மீதி. "ஞானமணி, நீயா?" என்றார்.

ஹரிபிரசாத் மனுவைப் புரட்டினார். "ஞானமணி. பாதிக்கப்பட்டோர், நம்பர் ரெண்டு. நீங்கதானாம்மா?"

"பேரு என்னுதுதான். இவன் அரைக்கலைன்னாதான் நான் பாதிக்கப்படுவேன்." கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, நான் எப்ப பாதிக்கப்பட்டேன்?"

"பொதுநலன் என்று வரும்போது…" என்று தொடங்கித் தேவானந்தம் தும்மினார். பதினோரு பக்கம் செய்யாத வேலையை அந்தத் தும்மல் செய்தது. இன்ஸ்பெக்டரும் தும்மினார். ஞானமணியும்.

"தொல்லை இருக்கு," என்றார் ஹரிபிரசாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மில்லை மூடற அளவுக்கு இல்லை. குழாய் இவர் ஜன்னலைப் பார்த்து ஊதினா யாருக்குத்தான் தும்மல் வராது? குழாயை மாடிக்கு மேல ஏத்து."

"நான் எப்பவோ ரெடி சார். பிடிமானத்துக்கு இவரு செவுரு வேணுமே. கேட்டா அதுக்கும் கேஸு போடுவாருன்னு பயந்துக்கினு இருந்தேன்."

எல்லோரும் தேவானந்தத்தைப் பார்த்தார்கள்.

"எழுத்துமூலம் விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம்."

"செவுரு என் பேர்ல கீது," என்றார் ஞானமணி. "எங்க நைனா குடுத்த வூடு. நீ ஆணி அடிச்சிக்கப்பா."

பத்து நாளில் ஆர்டர் வந்தது: குழாய் மாடிக்கு மேல், அதன் வாயில் தூசி பிடிக்கும் பை, மிளகாய் மட்டும் காலை பத்திலிருந்து ஒன்று வரை. குழாய் ஏறிய அன்று தேவானந்தம் கீழே நின்று "லெப்ட், இன்னும் லெப்ட்" என்று ஆணையிட்டார். ஃபிட்டர் தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் பொருத்தினான். அன்று சாயங்கால ஜெபத்தில் ஆமென் ஒரே மூச்சில் வந்தது.

சரிபார்க்க வந்த ஹரிபிரசாத், தேவானந்தம் வீட்டு மாடியில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. 'தொல்லை நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கீழே இறங்கியவர், செங்கல்வராயனிடம் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல அஞ்சு கிலோ மிளகாய் காயுது. ஆபீஸ் விட்டு ஆறு மணிக்குக் கொண்டாரட்டா?"

"பத்துலேர்ந்து ஒண்ணுதான் சார். ஆர்டர்ல போட்டுக்கிதே."

"அப்ப நான் ஆபீஸ்ல இருப்பேனே."

தேவானந்தம் தொண்டையைக் கனைத்தார். "குடுத்தனுப்புங்க சார். நானே உக்காந்து அரைச்சு வாங்கி வைக்கிறேன்."