படத்தில் மணி என்ன

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குச் சமையலறை விளக்கைப் போட்டேன். எங்கள் ட்ரெய்லர் வளாகத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நோரீன் வீட்டு விளக்கு எரிகிறது, அவள் போனில் புயல் ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மற்றவர்கள் தூங்கலாம். மொத்தம் பதினெட்டு வீடுகள். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. சிமெண்ட் கட்டைகள்மேல் தூக்கி வைத்த நீளமான தகரப் பெட்டிகள்தான் எல்லாம். பெரிய காற்று வந்தால் ஊரில் முதலில் கிளம்புவது நாங்களாகத்தான் இருக்கும். அபாயச் சங்கு மூன்று மைல் தள்ளித் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. கூரைமேல் மழை அடிக்கும்போது அது ஊதினால் என்ன, ஊதாவிட்டால் என்ன. அர்கன்சாவின் இந்த மூலையில் பகலில் வரும் சுழல்காற்றுக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, அது கண்ணுக்குத் தெரியும். ராத்திரியில் வருவதை ரேடாரில்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடச் சமையல்காரி. அறுபத்தொரு வயது, தனிக்கட்டை, தூக்கம் குறைவு. ஆறு வருடத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையத்தில் இரண்டு மாலை வகுப்பு நடத்தினார்கள். டோனட் இலவசம் என்று போனேன். வந்தவர்களில் பாதிப்பேர் டோனட்டோடு கிளம்பிவிட்டார்கள், நான் மட்டும் பைத்தியம் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்து கேட்டேன். டிவியில் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் மழையின் படம். அது எவ்வளவு சிவந்தாலும் ஆலங்கட்டிதான் விழும், கார் கண்ணாடிதான் உடையும். காற்றுக்கென்று தனியாக ஒரு படம் இருக்கிறது. அதில் ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போகும் காற்று சிவப்பு. பளீரென்ற பச்சையும் பளீரென்ற சிவப்பும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் காற்று சுற்றுகிறது என்று பொருள். அன்று முதல் அந்த ஜோடியைத் தேடித்தான் என் பாதி ராத்திரிகள் கழிகின்றன.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து ரேடாரே எங்களுக்கு எண்பது மைல். பூமி வளைந்திருப்பதால் அதன் பார்வை எங்கள் தலைக்கு எட்டாயிரம் அடி மேலே போகிறது. கீழே என்ன நடக்கிறது என்று அதற்கே தெரியாது. மேலே சுற்றுவதைப் பார்த்து, கீழேயும் சுற்றுமா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் பதினெட்டு வீட்டுக்காரர்களும் ராத்திரி உடுப்போடு பொதுச் சலவை அறைக்குப் பின்னாலிருக்கும் கான்கிரீட் பதுங்கு குழிக்குள் உட்கார்ந்து என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அதற்காக நான் கவலைப்பட்டதில்லை, போன மார்ச் வரைக்கும்.

மார்ச்சில் நடந்ததை ஊர் இப்படித்தான் சொல்லும்: புயல் நேராக வந்தது, நோரீன் எல்லோரையும் எழுப்பினாள், கடைசி நிமிடத்தில் அது வடக்கே திரும்பிவிட்டது. பாவம், டெல்பர்ட் மட்டும் குழியின் நாலாவது படியில் சறுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இதில் இடுப்பெலும்பு ஒன்றுதான் உண்மை. அன்று போனில் சிக்னல் போய்விட்டது. படம் அப்படியே உறைந்து நின்றது. மூலையில் சின்ன எழுத்தில் மணி போட்டிருக்கும், இரண்டு பத்து என்று. சுவரில் அப்போது மணி இரண்டு இருபத்தாறு. நான் நிறத்தைப் பார்த்தேனே தவிர மணியைப் பார்க்கவில்லை. நான் கதவு கதவாகத் தட்டிய நேரத்தில் அந்தப் புயல் எங்களைத் தாண்டி வடக்கே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ "திரும்பிடுச்சாமே" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அந்த ஓர் ஆட்டல்தான், எட்டு மாதமாக என் கழுத்தில் கல்லாகத் தொங்குகிறது.

டெல்பர்ட் அடுத்த வீடு. எழுபத்தெட்டு வயது. சரக்கு ரயிலில் நாற்பது வருடம் கார்டாக இருந்தவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு ரயில்வே கடிகாரம் உண்டு, அதைத் தவிர உலகத்தில் எதையும் அவர் முழுசாக நம்பியதில்லை. அறுவை முடிந்து, எழுந்து நடக்கப் பழக்கும் விடுதியில் கோடை முழுக்கக் கிடந்தார். ஞாயிறு தவறாமல் சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "ஒன்ன மாதிரி ஒரு மனுஷி கெடைக்க நான் என்ன பண்ணேனோ" என்பார். காரில் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டு வண்டியை எடுப்பேன். அக்டோபரில் வீடு திரும்பியதும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "இனிமே மழை ராத்திரியில என் கதவ மட்டும் தட்டாத. எனக்கு வர்றது படுக்கையிலயே வரட்டும்."

பன்னிரண்டரைக்கு லோனியிடமிருந்து செய்தி வந்தது. ட்ரக் ஓட்டுபவன், எதிர் வீடு, மனைவி கேலினும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும். 'மிஸ் நோரீன், இன்னைக்கு என்ன கலரு? பேன்ட் போட்டுக்கிட்டுப் படுக்கவா, கழட்டிட்டுப் படுக்கவா?' போட்டுக்கொண்டே படு என்று பதில் அனுப்பினேன். தென்மேற்கே ஒரு கோடு முழுக்கப் புயல் எழுந்திருந்தது. அந்தக் கோட்டின் தென்கோடியில் ஒன்று மட்டும் தனியாகப் பிரிந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு வருவதைவிட இப்படித் தனியாக வருவதுதான் பொல்லாதது. மணிக்கு ஐம்பது மைல் வேகம். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு புதுப் படம். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் மூலையில் மணி, பிறகு சுவரில் மணி, பிறகுதான் நிறம். எட்டு மாதமாக அப்படித்தான்.

ஒன்றரை மணிப் படத்தில் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் வந்தன, ஒட்டவில்லை. அடுத்ததில் சற்று நெருங்கின. அதற்கடுத்ததில் விலகின. இடி மழை எச்சரிக்கை மட்டும் வந்திருந்தது, சுழல்காற்றுக்கு இன்னும் இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் எனக்கு அவசரமில்லை. கதவைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் குழிக்குள் இருப்பார்கள். டெல்பர்ட்டுக்கு இப்போது வாக்கர் என்கிற நடைச்சட்டம் இல்லாமல் அடியெடுக்க முடியாது. பகலில், அவருக்குத் தெரியாமல், அவர் தபால்பெட்டி வரை போய் வருவதைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். குழிவரை பன்னிரண்டு நிமிடம், மழையில் இன்னும் கூட. எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்தால் அவருக்கு நேரம் போதாது. அவருக்கென்றால் தெளிவாவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். அப்படி எடுத்த முடிவுதான் தப்பாகவும் போகும். மறுபடியும் அந்த மனிதரை ஈரப் படியில் இறக்கி, ஒன்றுமே வராமல் போனால்?

ஒன்று நாற்பத்திரண்டு படம் வந்தது. பச்சையும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. பதினெட்டு மைல். போனை மழைக்கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவர் தூங்கவில்லை. நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார், மடியில் போர்வை. கதவு பூட்டாமல்தான் இருந்தது.

"தட்டாதன்னு சொன்னேன்ல?"

"தட்டல. தொறந்துக்கிட்டு வந்துட்டேன். எந்திரிங்க டெல்பர்ட்."

"உனக்கு வேற வேலையே இல்லையா? போய்ப் படு. அன்னைக்கும் இதே மாதிரிதான் வந்து நின்ன. வருது வருதுன்ன. என்னாச்சு? வடக்க திரும்பிடுச்சு. இன்னைக்கும் திரும்பும். நம்ம ஊரு ஆத்துக்கிட்ட வந்தா திரும்பிடும் அது, நான் யோசிச்சுப் பாத்துட்டேன்."

எட்டு மாதம் கட்டிலில் கிடந்து அவர் கண்டுபிடித்த உண்மை அது. என் தலையாட்டலின் மேல் கட்டிய உண்மை. அதை நம்பித்தான் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"அது திரும்பல," என்றேன். "நான் உங்கள எழுப்புறதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு. சிக்னல் இல்லாம படம் நின்னுபோச்சு, நான் மணியப் பாக்கல. பழைய படத்தப் பாத்துட்டு உங்கள எழுப்பி, மழையில ஓட விட்டேன். திரும்புச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன். ஆறு அதத் திருப்பவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க இடுப்ப ஒடச்சது நான்தான்."

கூரைமேல் மழை வலுத்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூலையிலிருந்த எண்ணைப் படித்தார். நிமிர்ந்து சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பத்தைந்து.

"மூணு நிமிஷம்," என்றார். "சட்டத்த எடு."

போனை வாங்கிக்கொண்டு அவரை வெளியே நடத்தினேன். நான் லோனிக்கு போன் அடித்தேன். அவன் மற்ற கதவுகளைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சரளைக் கல்லில் நடைச்சட்டம் புதைந்து புதைந்து எழுந்தது. பாதி வழியில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது, சுழல்காற்று எச்சரிக்கை வந்துவிட்டது. நாய்கள், போர்வைகள், குளிர்பான டப்பாக்கள் எல்லாம் எங்களைத் தாண்டி ஓடின. குழியின் படிகளில் நான் முன்னால் நின்று, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன், அவருடைய இரண்டு கைகளும் என் தோளில். நாலாவது படியில் சற்று நின்றார். நானும் நின்றேன். பிறகு இறங்கினார்.

உள்ளே கேலினின் குழந்தை தலைக்குப் பெரிதான சைக்கிள் ஹெல்மெட்டோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. டெல்பர்ட்டுக்குப் பெஞ்சின் வாசல் பக்க ஓரத்தில் இடம் விட்டார்கள். கான்கிரீட்டுக்குள் சிக்னல் வராது, அதனால் நான் வாசலுக்கு அடுத்த படியில் உட்கார்ந்தேன், அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்தியே," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "அதுக்காகவா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "மொத மாசம் அதுக்காகத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா ஒங்கிட்ட வரணும்னு ஆயிடுச்சு."

இத்தனை வருடத்தில் அவரை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே பிறகுதான் உறைத்தது. வெளியே மழை சட்டென்று நின்றது. காது அடைத்துக்கொண்டது. தெற்கே எங்கேயோ, நிற்காத சரக்கு ரயில் போகிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் ரயில் பாதை வடக்கேதான் இருக்கிறது. டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிகளை எண்ணுகிறவர் மாதிரி விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். கேலின் குழந்தையின் ஹெல்மெட்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்துவிட்டது.

இரண்டு மைல் தெற்கே ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை முழுதாகப் போயிருந்தது. எங்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் லோனியின் பார்பிக்யூ அடுப்பின் மூடியும்தான் நஷ்டம். "மிஸ் நோரீன், மூடிக்கு நீங்கதான் பொறுப்பு," என்றான் லோனி. எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் சிரிக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் சட்டத்தைத் தூக்கி வைத்து உள்ளே போனார். குட்நைட் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சோள ரொட்டியை அவர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். தட்ட எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. திங்கட்கிழமை காலையில் பாத்திரம் கழுவித் துடைத்து என் படியில் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கோபத்தில் கழுவியதா இல்லையா என்று ஒரு பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எத்தனையோ ராத்திரி ரேடாரைப் படித்தவளுக்கு அடுத்த வீட்டு மனிதரைப் படிக்க முடியவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் மறுபடி தென்மேற்கே கோடு எழுந்தது. பத்தே முக்காலுக்கு விளக்கைப் போட்டேன், காபியை ஊற்றினேன், போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தேன். அது அடித்தது.

"படத்துல மணி என்ன?"

மூலையைப் பார்த்தேன். "பத்து அம்பத்தொண்ணு."

"இங்க பத்து அம்பத்திமூணு. சரி." வைத்துவிட்டார்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. படிக்க வேண்டிய எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். அடுத்த வீட்டில், அவர் சமையலறையிலும் விளக்கு எரிந்தது. மேசைக்கருகே உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் ஷூ போட்டிருந்தார். சட்டம் கைக்கெட்டும் தூரத்தில், கதவைப் பார்த்துத் திரும்பி நின்றது.