சித்தப்பா கொண்டுவந்த கலயம்

12.6.2025, வியாழன்

சித்தப்பாவின் வழக்குக்கு நான் எழுதிய பதிலில் ஒன்றை விட்டுவிட்டேன்: விபத்துக்குப் பிறகு அப்பாவின் காலில் வைத்த ஸ்டீல் பிளேட். தட்டச்சு வகுப்பில் அதை அடித்துத் திரும்பத் திரும்பப் படித்தும் விட்டுப்போனது கண்ணில் படவில்லை.

அப்பா தாண்டவராயன், தன் அஸ்தியைத் திருவெண்ணெய்நல்லூரில் பெண்ணையாற்றில் கரைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். திண்டிவனத்துச் சீனுவாசன் சித்தப்பாவோ, மகள் கரைக்கக் கூடாது, மரக்காணம் கடலில் தானே கரைப்பேன் என்று தடை கேட்டார். நீதிமன்றம் எங்களை விழுப்புரம் சமரச மையத்துக்கு அனுப்பியது. இன்று ஆளுக்கொரு கலயத்தோடு போனோம்.

பால் தெளிக்கும் நாளன்று, விடிவதற்குள் சித்தப்பா தனியாகச் சுடுகாட்டுக்குப் போய் எலும்பு பொறுக்கிவிட்டார். அது தெரியாமல் நாங்கள் பிறகு போய்ப் பொறுக்கினோம்.

"எலும்பெல்லாம் எங்கிட்ட வந்துடுச்சிங்க மேடம். இவகிட்ட இருக்கறது மீதி சாம்பலு," என்றார் சித்தப்பா, சமரசம் பேசும் வக்கீலம்மாவிடம்.

பதிலில் எழுதாததை இப்போது பேசலாமா என்று தயங்கினேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"அப்பா கால்ல வச்ச பிளேட்டு உங்ககிட்ட இருக்குதா சித்தப்பா?"

"அது வெந்து போயிருக்கும்மா."

"இரும்பு எங்கயாவது வேகுமா?"

என் கலயத்தைத் திறந்தேன். பிளேட் கறுத்துக் கிடந்தது. சித்தப்பாவின் கலயத்தையும் திறக்கச் சொன்னார் வக்கீலம்மா. அதில் பிளேட் இல்லை. அடியில் ஒரு மெட்டி இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவை எரித்த அன்று பக்கத்திலேயே இன்னொரு சிதையும் எரிந்தது. மறுநாள் நாங்கள் பால் தெளிக்கப் போனபோது அங்கே, மனைவியின் எலும்பை யாரோ வாரிப் போய்விட்டதாக ஒருவர் திகைத்து நின்றார். எங்களிடம் மிச்சமிருந்த பாலை வாங்கித் தெளித்துவிட்டுப் போனார். வழுதரெட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் விருத்தாசலம்.

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "கலயத்த வேப்பமரத்துல கட்டி வச்சி, அண்ணனுக்குப் புடிக்குமேன்னு தெனம் கருவாட்டுக் கொழம்பு படைச்சிகினு இருந்தேனே."

"அந்தம்மா சைவமா இல்லாம இருக்கணும்," என்றார் வக்கீலம்மா.

வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சித்தப்பா படியில் என்னை நிறுத்தினார்.

"அந்த ஆளு மூஞ்சில எப்பிடி முழிக்கறது? நீயே குடுத்துடும்மா."

"கூட நான் வர்றேன். பேச்சும் நானே பேசறேன். கையால குடுக்கறது நீங்கதான்."

"அப்பறம் ஆத்துக்கு?"

"வாங்க. ஆனா கரைக்கறது நான்."

சரியென்று தலையாட்டினார்.

நாளை: காலையில் சித்தப்பாவைப் பஸ் நிலையத்தில் பார்த்து, முதலில் பஞ்சர் கடைக்கு. அதன்பின் திருவெண்ணெய்நல்லூர் பஸ்.